லட்சம் மீன் கொண்டுவந்த கூத்தாண்டி

கடலுக்குக் கரை போட்ட காலத்துக்குப் பின்னால், நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறந்த காலத்துக்கு முன்னால், சேலாறு பாய்ந்த நாடு ஒன்று இருந்தது. அதை மகிபாலன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அந்த ஆற்றில் சேல்கெண்டை அப்படிக் கிடக்கும். ஆடி மாதம் புதுவெள்ளம் வந்ததும் சினைமீன்கள் கீழ்மடுவிலிருந்து கிளம்பும். குறுக்குப்பாறை என்ற இடத்தில் ஆறு இடுங்கி விழும். அந்த இடுக்கில் துள்ளி ஏறி, மேலாற்றுக் கூழாங்கல் திட்டுகளுக்குப் போய் முட்டையிடும். அந்தப் பத்து நாளும் பாறைமேல் நின்று வேடிக்கை பார்ப்பவர்களின் முழங்காலில் மீன்வால் அடிக்கும்.

ராஜாவுக்குக் குமுதவல்லி என்று ஒரு ராணி. கலியாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. மசக்கையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, பால் இறங்கவில்லை. மிளகும் உப்பும் போட்டு வதக்கிய சேல்சினை மட்டும் இறங்கியது. ராஜாவே தம் கையால் எடுத்து இலையில் வைப்பார். அவள் சாப்பிடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே தம் இலையை மறந்துவிடுவார்.

எட்டாம் மாதம் ராணிக்கு ஜன்னி கண்டது. மூன்றே நாள். வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மதியம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொன்னார். அதில் சேல்சினை வைக்கச் சொன்னார். அவர் கை கழுவி எழுந்த பிறகு அந்த இலையை எடுத்துப்போய்க் காக்கைக்கு வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ராணியின் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு. அரண்மனைக்குள் யாரும் சிரிக்கக் கூடாது என்று இன்னோர் உத்தரவு.

ஆறு மாதம் அந்த அரண்மனையில் பல் தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் கூத்தாண்டி வந்தான்.

கூத்தாண்டி சேலாற்றங்கரைத் துறைக்குடியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். வலை பிடிக்க வரவில்லை என்று தெருக்கூத்து ஜமாவில் சேர்ந்து, சனத்தைச் சிரிக்கவைக்கும் கட்டியக்காரன் வேஷம் கட்டியவன். ஒரு நாள் அரண்மனைத் தாழ்வாரத்தில் ராஜா நடந்து போகும்போது, எங்கேயோ ஒருவன் வயிறு குலுங்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது. காவலர் ஓடிப் பார்த்தார்கள். கூத்தாண்டி உடம்பெல்லாம் உள்ளே இருக்க, தலையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பிடித்து இழுத்து ராஜா முன்னால் நிறுத்தினார்கள்.

"என் உத்தரவு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மகாராஜா. அரண்மனைக்குள் சிரிக்கக் கூடாது என்பதுதானே உத்தரவு? நான் உள்ளே நின்றேன். சிரித்த வாய் வெளியே இருந்தது. வேண்டுமானால் ஜன்னலை விசாரித்துக்கொள்ளுங்கள்."

ராஜாவின் மீசை கொஞ்சம் ஆடியது. அப்புறம் அவரே ஜன்னல் பக்கம் போய்த் தலையை வெளியே நீட்டிக்கொண்டார். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அன்று சபையில் சேர்ந்தவன்தான் கூத்தாண்டி.

அவன் வந்ததில் மந்திரி வயிரவநாதருக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை. அதுவரைக்கும் ராஜா எதற்கெடுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார். இப்போது எழுந்ததும் கூத்தாண்டி எங்கே என்று கேட்டார். ராஜாவின் மனசில் இடம் பிடிக்க என்ன செய்யலாம் என்று மந்திரி யோசித்தார். அந்த இரண்டாவது இலைதான் அவருக்கு வழி காட்டியது.

"மன்னர் பெருமானே, சினை தாராளமாகக் கிடைப்பது ஆடியில் சில நாள்தான், மற்ற நாளில் தேடித் தேடி ஒன்றிரண்டுதான் கிடைக்கிறது. இலையோ தினமும் விழுகிறது. குறுக்குப்பாறை இடுக்கில் மூங்கில் தட்டி கட்டி அடைத்துவிட்டால், ஏறுகிற சினைமீன் ஒன்றும் தப்பாது. சினையை உப்புப் போட்டு ஜாடியில் அடைத்து வருஷம் முழுவதும் வைத்துக்கொள்ளலாம்."

ராஜா தலையாட்டினார். இலையைப் பற்றி அதற்கு மேல் பேச்சு வேண்டாம் என்று அவருக்கு.

தட்டி கட்டினார்கள். முதல் வருஷம் மீன் மலைபோல் குவிந்தது. சினை ஜாடிக்குப் போக, மீதியைக் கருவாடாக்கி மந்திரியின் மைத்துனன் பக்கத்து நாட்டுக்கு வண்டி வண்டியாய் ஓட்டினான். இரண்டாம் வருஷம் குவியல் பாதியானது. ஆற்றில் பொடிமீன் கண்ணில் படவில்லை. முட்டையிட ஒரு மீனும் மேலே போகாதபோது குஞ்சு எங்கிருந்து வரும்? பொடிமீனைத் தின்று வாழ்ந்த வாளையும் விராலும்கூடக் குறைந்தன. கொக்குகள் வேறு நீர்நிலை தேடிப் போயின. துறைக்குடிக்காரர்கள் போக இடமில்லாதவர்கள். இருந்தார்கள்.

கூத்தாண்டி சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் உடம்பெல்லாம் வெள்ளிக் காகிதம் ஒட்டி, துடுப்பு கட்டி, சேல்மீன் வேஷத்தில் சபைக்கு வந்தான்.

"மகாராஜா, பிராது கொடுக்க வந்தேன். என் பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய்வீடு புறப்பட்டாள். நடுவழியில் மந்திரியார் கதவைச் சாத்திவிட்டார். தட்டித் தட்டிப் பார்த்தாள். தட்டி திறக்கவில்லை."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் தோளிலிருந்த சால்வையை எடுத்து அந்த மீனுக்குப் போர்த்தினார். சபையும் சிரித்தது. மாலையில் ராஜா அதை மறந்துவிட்டார். தட்டி அப்படியே நின்றது.

மூன்றாம் வருஷம், ஆனி மாதம். ஒரு மத்தியானம் அரண்மனைப் பின்வாசலில் கூத்தாண்டியைத் தேடி அவன் தங்கை காத்தாயி வந்தாள். துறைக்குடியிலேயே நல்லான் என்பவனுக்கு வாக்கப்பட்டவள். மாசியில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. கூத்தாண்டி போய்ப் பார்த்து, பிள்ளையின் காலில் வெள்ளிக் கொலுசு போட்டுவிட்டு வந்திருந்தான். இப்போது அவள் வெறுங்கையோடு நின்றாள்.

"பிள்ளையை எங்கம்மா விட்டுட்டு வந்தே?"

"ஆத்தங்கரையில புதைச்சுட்டு வந்தேன்."

"எப்ப?" என்றான் அவன்.

"முந்தாநேத்து அண்ணே. எனக்குப் பால் வத்திப்போச்சு. அது பாட்டுக்குச் சப்பும், ஒண்ணும் வராது, அழும். அப்புறம் அழவும் தெம்பில்லாம கிடந்துச்சு. ஆத்துல மீனிருந்தா அவரு கொண்டாந்திருப்பாரு. காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்னு எத்தனை நாளைக்குப் பால் கொடுக்க முடியும்?"

"நான் ராசாகிட்டச் சொன்னேன் காத்தாயி. தட்டியைப் பத்திச் சொல்லாம இல்லை."

"என்ன சொன்னே?"

மீன் வேஷம் கட்டியதை அவன் சொன்னான். சொல்லும்போதே குரல் இறங்கிப்போனது.

"ராசா சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

"அப்புறம்?"

அவன் தோளில் கிடந்த சால்வையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டான்.

"ஒரே ஒரு தடவை சிரிப்பு வராதபடி சொல்லு அண்ணே" என்றாள் காத்தாயி. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தாள்.

மறுநாள் சபை கூடியதும் கூத்தாண்டி எழுந்து நின்றான். "மகாராஜா, சேலாறு செத்துக்கொண்டிருக்கிறது" என்றான்.

சபை சிரித்தது. அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"கரையோரக் குடிகள் கிழங்கு தோண்டுகிறார்கள். மார்பில் பாலில்லாமல் பிள்ளைகள் சாகின்றன. தட்டியை எடுத்துவிடச் சொல்லுங்கள்."

இன்னும் ஒருவர் இருவர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. செத்தது தன் தங்கை பிள்ளை என்று கூத்தாண்டி சொல்லவில்லை. சொன்னால் சொந்த வீட்டுத் துக்கத்தைச் சபைக்குக் கொண்டுவந்தான் என்று மந்திரி ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார் என்று அவனுக்குத் தெரியும்.

ராஜாவின் முகம் கறுத்தது. "அந்தத் தட்டி எதற்காகக் கட்டப்பட்டது என்று அறிவாயா?"

"அறிவேன் மகாராஜா."

"அறிந்துமா பேசுகிறாய்?"

இதற்காகத்தான் மூன்று வருஷமாய்க் காத்திருந்தவர்போல் மந்திரி வயிரவநாதர் எழுந்தார். "மன்னர் பெருமானே, கோபம் வேண்டாம். ஆற்றை நாம் காலி செய்தோம் என்கிறான் அல்லவா? அந்த ஆற்றங்கரையில் பிறந்தவன், மீனின் போக்கும் வரவும் தெரிந்தவன். அவனே நிரப்பிக் காட்டட்டும். ஆடி முடிவதற்குள் இவன் சேலாற்றுக்கு லட்சம் மீன் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பிற ஆற்று மீன், குளத்து மீன் கூடாது. ஒன்று குறைந்தாலும் தலை போகும் என்று உத்தரவிடுங்கள்."

கோபத்தில் இருந்த ராஜா, "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

கூத்தாண்டி கைகட்டி நின்றான். "ஒரு சந்தேகம் மந்திரியாரே. மீன் எத்தனை பெரிதாக இருக்க வேண்டும்?"

மந்திரி சிரித்தார். "உன்மேல் எனக்கென்ன பகை? எத்தனை சிறிதாக இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன். லட்சம் இருந்தால் போதும்."

"சபையார் கேட்டுக்கொண்டீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கூத்தாண்டி துறைக்குடிக்குப் புறப்பட்டான்.

அவன் மனசில் ஒரு யோசனை இருந்தது. ஆனால் அதற்கு ஒரு சினைமீன் வேண்டும். நல்லானும் அவனும் கீழ்மடு முழுவதும் வலை இழுத்தார்கள். பாசியும் சிப்பியும் வந்தன. அந்த வருஷம் வெள்ளமும் தாமதம். ஆடி பதினைந்துக்கு மேல்தான் தண்ணீர் சிவந்தது. தட்டியோடு கட்டியிருந்த மீன்கூடையில் விரற்கடை நீளத்துக்குச் சில கெண்டைகள் விழுந்தன, அவ்வளவுதான். வயதான சேல்களையெல்லாம் இரண்டு வருஷமாய்ப் பிடித்துத் தீர்த்தாயிற்று. இளசுகள் பிறக்கவேயில்லை. ஆடி இருபத்தெட்டாம் நாள் கூத்தாண்டி மடுக்கரையில் உட்கார்ந்து, தன் கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான். பக்கத்தில் நல்லான் வலையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

ஆடிக் கடைசி நாள் விடிந்தபோது காத்தாயி ஒரு பானையைச் சுமந்துகொண்டு குடிசைக்குள் வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஆலமரத்து வேருக்குள்ள மீன்பறி வச்சிருந்தேன் அண்ணே. பார்."

பானைக்குள் முழ நீளத்துக்கு ஒரு சேல். வயிறு புடைத்து ஒருக்களித்துக் கிடந்தது. வாய் திறந்து திறந்து மூடியது.

"மூணு நாளா உலை வைக்கலை. இதை வெட்டத்தான் அரிவாள்மணையை எடுத்துப் போட்டேன். வயித்தைத் தொட்டுப் பார்த்தேன், உள்ள அத்தனையும் மெத்துமெத்துன்னு இருக்கு." அவள் பானையை அவன் பக்கம் தள்ளினாள். "கை வரலை. நீயே கொண்டு போ."

நல்லான் பானையை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். எச்சிலை விழுங்கினான். வாசலுக்குப் போய் முதுகு காட்டி நின்றுகொண்டான்.

அன்று முற்பகல் குறுக்குப்பாறையில் சபை கூடியது. ராஜா வந்தார், மந்திரி வந்தார். இரண்டு கரையிலும் ஜனங்கள் நின்றார்கள். மந்திரி வெட்டுக்காரனையும் கூட்டி வந்திருந்தார். கூத்தாண்டி தலையில் ஒரே ஒரு பானையோடு வந்து இறக்கி வைத்தான்.

"லட்சம் மீன் எங்கே?" என்றார் ராஜா.

"இந்தப் பானையில் மகாராஜா."

ராஜா குனிந்து பார்த்தார். "ஒன்று அல்லவா இருக்கிறது?"

"ஒன்று வெளியே தெரிகிறது. லட்சம் உள்ளே இருக்கிறது. எத்தனை சிறிதாக இருந்தாலும் ஒத்துக்கொள்வதாக மந்திரியார் சபையறியச் சொன்னார். இந்த ஆற்று மீன்தான். கழுகுகூடத் தூக்கிப் போக முடியாத இடத்தில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்."

கரையில் சிலர் சிரித்தார்கள். மந்திரிக்கு முகம் சிவந்தது. "அது சினை. மீன் அல்ல. லட்சம் இருக்கிறது என்று யார் கண்டார்? வயிற்றைக் கிழித்து எண்ணட்டும்."

"எண்ணுங்கள்" என்றான் கூத்தாண்டி. "ஆனால் ஒன்று. உயிரோடு லட்சத்தை நான் ஆற்றங்கரைவரை கொண்டுவந்துவிட்டேன். கத்தி பட்டால் லட்சமும் சாகும். குறைந்தது என்னால் என்றால் என் தலை. கிழித்தவரால் என்றால் யார் தலை என்று முதலில் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கிழிக்கச் சொல்லுங்கள்."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி நிதானம் இழந்துவிட்டார். "சாவதற்கு அவை பிறந்தால்தானே? வயிற்றில் இருப்பதை உயிர்க் கணக்கில் சேர்க்கும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை, மன்னர் பெருமானே!"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஆற்றுத் தண்ணீர் தட்டியில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

குமுதவல்லி ராணி இறந்த அன்று, காரியம் ஒருவருக்கா இருவருக்கா என்று புரோகிதர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ராஜா இரண்டு விரலைக் காட்டினார். ஆற்றின் மேல்கரையில் பெரிய கல் ஒன்றும், அதை ஒட்டி ஒரு சாண் கல் ஒன்றும் நட்டார்கள். நாட்டில் அதை அறியாதவர் இல்லை. பேசக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் யாரும் பேசியதில்லை.

கூத்தாண்டியிடம் மந்திரிக்குச் சொல்ல இன்னொரு பதில் தயாராக இருந்தது. ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான்.

ராஜா பானைக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு உட்கார்ந்தார். தண்ணீருக்குள் கையை விட்டார். மீனின் வயிற்றில் விரல் பட்டதும் எடுத்துவிட்டார்.

"சேரும்" என்றார்.

மந்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராஜா நிமிரவில்லை. "வயிற்றில் இருப்பதும் உயிர்க் கணக்கில் சேரும். கூத்தாண்டி, லட்சமும் வந்து சேர்ந்தது. ஆற்றில் விடு."

"விட முடியாது மகாராஜா."

"ஏன்?"

"இந்தப் பக்கம் விட்டால் மந்திரியார் கூடையில் விழும். அந்தப் பக்கம் தூக்கிப் போய் விடலாம். ஆனால் லட்சம் பிள்ளைக்கும் அப்பன் ஒருவன் வேண்டாமா? பாவம், அவன் பின்னால் வந்தவன், தட்டிக்குக் கீழே எங்கேயோ நிற்கிறான். பொண்டாட்டியைப் பானையில் ஏற்றிவிட்டார்கள் என்று யாரிடம் போய் விசாரிப்பான்?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பாறையில் கைகளை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கரையிலிருந்த ஜனங்களும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் நிறுத்திவிட்டார்கள். ராஜாவின் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. அது சிரிப்பில்லை என்று அருகில் நின்றவர்களுக்குத் தெரிந்தது. கூத்தாண்டி மந்திரிக்கும் ராஜாவுக்கும் நடுவில் மறைத்து நின்றுகொண்டான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ராஜா எழுந்தார். "தட்டியைப் பிடுங்குங்கள்."

துறைக்குடி ஆண்கள் தண்ணீரில் குதித்தார்கள். நல்லான்தான் முதல் கழியைப் பிடுங்கினான். மூங்கில்கள் ஒவ்வொன்றாய் வெள்ளத்தில் போயின. கூத்தாண்டி பானையைச் சாய்த்தான். சேல் கொஞ்ச நேரம் கல்லோரம் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டது. பிறகு இடுக்கில் ஒரே துள்ளாகத் துள்ளி மேலே போனது. அதன் பின்னாலேயே கலங்கல் தண்ணீரில் மூன்று நாலு நிழல்கள் ஏறின.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"மூன்று ஆடி, மகாராஜா. அந்த மூன்று ஆடியிலும் சேலாற்றில் ஒரு வலை விழக் கூடாது, அரண்மனை வலை உட்பட. குடிகள் அதுவரை சாப்பிடக் களஞ்சியத்து நெல் வேண்டும்."

"தந்தேன். மீன் பெருக நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?"

"அதற்கு யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். அதுதான் அரண்மனையில் கஷ்டம்."

ராஜா மந்திரியின் பக்கம் திரும்பினார். "வயிரவநாதரே, எண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டீர். மேலாற்றுத் திட்டில் உமக்கு ஒரு குடிசை போடச் சொல்கிறேன். லட்சமும் பொரிந்து வரும். எண்ணிச் சொல்லிவிட்டு ஊருக்கு வாரும்."

மந்திரி மேலாற்றுக்குப் போனார். பொடிக்குஞ்சுகள் உமிபோல் தண்ணீரில் மிதப்பதைப் பார்த்து முதல் நாளே கணக்கு விட்டுப்போனது என்று சொல்லுகிறார்கள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டில் வழக்கம்போல் இரண்டாவது இலை விழுந்தது. பரிசாரகன் சினை ஜாடியைத் திறந்தான். ராஜா கையை நீட்டித் தடுத்தார். "சோறு மட்டும் வை" என்றார்.

கார்த்திகையில் ராஜா கூத்தாண்டியை மட்டும் கூட்டிக்கொண்டு மேலாற்றுக்குப் போனார். முழங்கால் தண்ணீரில் விரல் நீளக் குஞ்சுகள் கூட்டமாய் நின்றன. கைதட்டினால் கலைந்தன, மறுபடி சேர்ந்தன.

"லட்சம் இருக்குமா?"

"இல்லை மகாராஜா. சில நூறு தேறும்."

ராஜா திடுக்கிட்டார். "தட்டிதான் இல்லையே! மீதி எங்கே போயிற்று?"

"சில முட்டை பூசணம் பிடித்தது. சிலது தண்ணீர் வடிந்து கல்லில் காய்ந்தது. கொக்கு திரும்பி வந்திருக்கிறது, அது கொஞ்சம். விரால் கொஞ்சம். ஐப்பசி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது நிறைய. இந்த நூறிலும் முழ நீளம் வளர்ந்து திரும்பி ஏறப்போவது பத்தோ இருபதோ."

"எப்போதுமே இப்படித்தானா?"

"எப்போதுமே இப்படித்தான். அதனால்தான் லட்சம் இடுகிறது."

ராஜா வெகுநேரம் அந்தக் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது ஆடி வந்தது. தண்ணீர் சிவந்த அன்று, குறுக்குப்பாறையில் சேல் ஏறுகிறது என்று செய்தி பரவி, சுற்றுவட்டாரமே கரையில் கூடியது. பழைய அளவு இல்லை. ஆனாலும் கண் இமைக்கும் நேரத்துக்கு ஒன்றாய் வெள்ளிபோல் துள்ளி விழுந்தன. ஜனங்கள் கூவினார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ராஜாவும் பல்லக்கு இல்லாமல் வந்து பாறையோரம் நின்றார். பாறைக்குக் கீழே, கூட்டத்தை விட்டுத் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் தனியாக நிற்பதைக் கண்டார். அவள் கூவவில்லை, சிரிக்கவில்லை.

"யார் அந்தப் பெண்?"

"என் தங்கை மகாராஜா. அந்தச் சேலைப் பிடித்துக் கொடுத்தவள். அதற்கு முந்தின மாதம்தான் பால் இல்லாமல் அவள் பிள்ளை செத்தது."

"இத்தனை நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் என்னால் சபையில் வேஷம் கட்ட முடிந்திருக்காது."

ராஜா பாறையிலிருந்து இறங்கினார். காவலர் பின்னால் ஓடினார்கள். வேண்டாம் என்று கையமர்த்தினார். பட்டு வேட்டி நனைய, தண்ணீரில் அவள் அருகே போய் நின்றார். காத்தாயி திரும்பிப் பார்த்தாள். கும்பிடவில்லை.

"உன் பிள்ளையின் பேர் என்னம்மா?"

"பேர் வைக்கலை சாமி. ஆடிப்பெருக்கன்னிக்கு வைக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள போயிருச்சு."

"என் பிள்ளைக்கும் பேர் வைக்கவில்லை" என்றார் ராஜா.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மீனுக்கு லட்சம் போனாலும் பத்து மிஞ்சும் சாமி. எனக்கு இருந்தது ஒண்ணு. மூணு வருசமா உங்களை வையணும் வையணும்னு வாயில வச்சுக்கிட்டுத் திரியுறேன்."

"வை" என்றார் ராஜா. "கேட்கிறேன்."

அவள் வைதாள். முதலில் மெதுவாக, அப்புறம் இரண்டு கரைக்கும் கேட்கும்படி. காவலர்கள் கூத்தாண்டியைப் பார்த்தார்கள். அவன் கண்ணை எடுக்காமல் தண்ணீரையே பார்த்தான். அவர்களும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டார்கள். நல்லான் மனைவியைத் தடுக்க ஓரடி வைத்து, நின்றுவிட்டான். ராஜா தலையைக் குனிந்துகொண்டு, அவள் கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்து அழத் தொடங்கும்வரை, அந்த ஓடுகிற ஆற்றில் அசையாமல் நின்றார்.